பனிக்கடலில் நான் வாங்கிக்கொண்ட பொய்

எங்கள் நாட்டில் போர் முடிந்து ஐந்தாவது கோடையில், பலேர்மோ நகரில் நான் பராமரித்த வயதான சீமாட்டி சிஞ்ஞோராவோடு நோர்வேக்கும் வடக்கே கப்பலில் போனேன். லிபெர்த்தா தெருவில் இருந்த அவர் வீட்டில், அவரைக் குளிப்பாட்டுவதும் சக்கர நாற்காலியில் தள்ளுவதும் என் வேலை. கடலில் மிதக்கும் பனிமலையைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதும், அவர் மகன் மறுக்காமல் எங்கள் மூன்று பேருக்கும் சீட்டு எடுத்தார். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

பனிக்கட்டிகளுக்குள் நுழைந்த அன்று காலை கப்பல் ஊர்ந்தது. தகரத்தில் கல் விழுவதுபோல் அடியில் சத்தம். சிஞ்ஞோராவைக் கம்பளியால் சுற்றி மேல்தளத்துக்குக் கொண்டுபோனேன். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை, இடையிடையே நம்ப முடியாத நீலம். கம்பியில் படிந்திருந்த பனியைச் சுரண்டித் தரச் சொல்லி நாக்கில் வைத்தார். எலுமிச்சை போடாத கிரனீத்தா ஐஸ் என்று சிரித்தார். அடுத்த வருடமும் வருவோம், உனக்கு நல்ல கோட் வேண்டும் என்றார்.

மதியம் அவர் தூங்கியபோது மகன் என்னை வெளியே கூப்பிட்டார். செப்டெம்பரில் வீட்டை விற்கிறாராம். முதியோர் இல்லத்தில் இடம் எடுத்தாகிவிட்டதாம்.

“அம்மாவுக்குச் சொல்லாதே. இன்னொரு பயணம் என்று சொல்லி நீதான் பெட்டி அடுக்க வேண்டும். உன்னைத்தான் நம்புவாள்.”

அப்படிச் செய்தால், என் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்கத் தேவையான வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைப்பதாகவும் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. நான் தலையாட்டினேன்.

பின்னேரம் சிஞ்ஞோரா மறுபடி மேலே போகக் கேட்டார். குளிருக்கு என் கையைத் தன் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். மற்றக் கையால் அவர் கம்பளியை இழுத்து மூடினேன்.

பலேர்மோ திரும்பியதும், பல்லரோ சந்தையில் மீன்பெட்டி இறக்கும் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீர் வாயைத் திறக்காதையும். அது அவையின்ரை வீட்டு விசயம். எங்களுக்கு அந்தக் கையெழுத்து வேணும்.”

“அவ என்னை நம்புறா,” என்றேன்.

செப்டெம்பரில் சிஞ்ஞோராவின் பெட்டியை அடுக்கினேன். திரும்பவும் பனிக்கா என்று கேட்டார். ஓமென்றேன். தடித்த கையுறையையும் வைக்கச் சொன்னார், வைத்தேன்.

இல்லத்து வாசலில் அவருக்கு எல்லாம் விளங்கியது. மகனை அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“உனக்கு எப்போதிருந்து தெரியும்?”

கப்பலில் இருந்து என்று சொன்னேன். அதிலாவது பொய் சொல்லியிருக்கலாம்.

மகன் சொன்ன சொல் தவறவில்லை, பெர்மெஸ்ஸோ கிடைத்தது. இரண்டு தடவை சிஞ்ஞோராவைப் பார்க்கப் போனேன். இரண்டு தடவையும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு நான் போகவில்லை.