அந்தோணி அப்பாவின் தொப்பி பேட்ஜ்

இன்று காலை எங்கள் அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் தன் பெல்ட் பக்கிளுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பித்தளை பாலிஷ் வாசனை உங்களுக்குத் தெரியுமே, மூக்கை லேசாக அரிக்கும். எனக்கு ஒரு பழைய பேட்ஜ் ஞாபகத்தைக் கிளறிவிடும். ஆளுக்கொரு வியாதி.

2010 வாக்கில் நான் ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெயர் அப்படி. வேலை என்னவோ, தகட்டில் அடித்தெடுத்த பாகங்களின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, பிசிறு தட்டினால் சிவப்புத் தொட்டியில் போடுவது. அதற்கே எனக்கு அவ்வளவு மிதப்பு. ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டின் விளிம்பைத் தடவுவேன். "ஏலே, தட்டு பாஸா பெயிலா?" என்று சுங்குவார்சத்திரத்து ரூம்காரன்கள் என் மானத்தை வாங்குவார்கள். நாங்கள் எல்லாரும் சாத்தூர்ப் பக்கத்துப் பயல்கள்.

எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அந்தோணி மட்டும் உள்ளூர், பிள்ளைப்பாக்கம். அவர் அப்பா பட்டாளத்துக்காரர். ஓய்வு பெற்று வந்தும் தினமும் காலையில் தொப்பி பேட்ஜைத் துணியால் தேய்க்காமல் காபி குடிக்க மாட்டாராம். அவர் போனதும் நிலத்தை விற்று, அந்தோணியும் தம்பி ஆரோக்கியமும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டினார்கள். சுவர்தான் ஒட்டியிருந்தது. பேச்சு நின்றுபோயிருந்தது. அம்மா ஞானம்மா ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே.

சண்டை நிலத்துக்காக இல்லை என்றால் நம்புவீர்களா? அப்பாவின் பேட்ஜ் தன்னிடம் இருப்பதாக இரண்டு பேருமே சொன்னார்கள். "எங்கப்பா எனக்குன்னு சொல்லிட்டுப் போனாருபா, எங்கம்மாவே குடுத்துச்சு" என்று அந்தோணி ஒருநாள் கைக்குட்டையை விரித்தார். "ஒரிஜினலான்னு நீ சொல்லு. உனக்குத்தான் கை பேசுமே."

தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், அப்படியா ஒரு கெட்டிக்காரத்தனம்! திருப்பிப் பார்த்தேன். தகட்டில் அடித்த பேட்ஜ் என்றால் முன்னால் மேடாக இருப்பது பின்னால் குழியாக இருக்க வேண்டும். இதன் முதுகு தட்டை. அச்சில் உருக்கி ஊற்றியது. ஊசி குத்தினாற்போல் துளித்துளியாய்க் காற்றுக் குமிழி வேறு. சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அப்போ ஒரிஜினலு அவன் கைலதான் கீது."

மறுநாள் ஷிப்ட் முடிந்து டீக்கடைக்குப் போனால், அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில். அண்ணன் வலியப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். "அவன்கிட்ட இருக்கறதே நெசம்னா இருந்துட்டுப் போவட்டும்பா. கண்ணால பாத்தா போதும்" என்றார் அந்தோணி. ஆரோக்கியம் அண்ணனுக்கும் சேர்த்து டீ சொன்னான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆரோக்கியத்தின் பேட்ஜ் தகட்டில் அடித்ததுதான். பின்பக்கம் அழகாகக் குழிந்திருந்தது. அப்பாடா என்று ஓரத்தைத் தடவினேன். கட்டைவிரலைக் கிழித்தது. வருஷக்கணக்காகத் தினமும் துணியால் தேய்த்த உலோகத்தில் பிசிறு எங்கிருந்து வரும்? எழுத்துகள்கூட மழுங்கியிருக்க வேண்டும். பழைய அச்சை வைத்துப் பின்னாளில் யாரோ அடித்து விற்ற புதுச் சரக்கு.

என் விரலில் ரத்தத்தைப் பார்த்தே அந்தோணிக்குப் புரிந்துவிட்டது. அவரும் எத்தனை வருஷம் எங்களோடு இருந்தவர்.

"ரெண்டுமே டூப்பா? அப்போ அம்மா நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்தினு இருந்துச்சா?" என்றான் ஆரோக்கியம்.

மிச்சம் அந்தோணி சொன்னது. நேராக அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். "அது அவரு தொப்பிலயே கீதுடா. தொப்பிய துணிக்கு அடியில வச்சுதான் பொட்டிய மூடினோம். பொதைச்ச அன்னிக்கே ரெண்டு பேரும் அதுக்கு அடிச்சிக்கினீங்களே, நான் இன்னா செய்ய?" என்றாராம். பரங்கிமலைப் பக்கம் பட்டாளச் சாமான் கடையில் வாங்கி, மகன்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, இரண்டு பேரிடமும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்.

கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். அந்த மாதம் அம்மா யார் முறை என்று கேள்வி வந்தபோது, இரண்டு கதவும் சாத்திக்கொண்டன. அம்மாவைத் தள்ளிவிடுவதில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் அப்படியோர் ஒற்றுமை. இன்றும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சில வாரம் கழித்து சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மா துணிப்பையோடு நின்றிருந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம்.

"பேட்ஜு பாத்த புள்ள நீதானே?" என்றார். திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன்.

"கடக்காரன் தேஞ்சது ஒண்ணு காட்டுனான்பா. பழசு மாதிரியே இருந்துச்சு. புச்சா இருந்தா புள்ளைங்க சந்தோசப்படும்னு பளபளன்னு கீறதா பாத்து வாங்கினேன்."

பஸ் வந்தது. கூட்டம். ஏற்றிவிட்டேன்.

இப்போது அந்த இரண்டு வீடும் இல்லை. இடித்துக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசை. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது ஞானம்மா இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லைத் தேடினேன். பட்டாளத்துக்காரர் கல் இருந்தது. பக்கத்தில் மனைவிக்கென்று விட்டிருந்த இடம் காலியாகவே கிடந்தது. ஞானம்மாவை எங்கே புதைத்தார்கள் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டேன். எந்த ஞானம்மா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.