துப்பாக்கியைத் துடைத்த கை

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது இது. ஆரணியில் ஒரு வங்கிக் கிளையில் பெருக்கித் துடைக்கும் வேலை எனக்கு. மற்ற நேரமெல்லாம் வீட்டில் பட்டுத் தறி. எதைப் பார்த்தாலும் 'இது என்ன, இது எதற்கு' என்று கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்பார் என் வீட்டுக்காரர்.

எங்கள் கிளைக் காவலாளி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், போளூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர் என்பதால் நான் அவருக்கு அக்கா, அவர் எனக்குத் தம்பி. அவர் வைத்திருந்தது தன் பெயரில் லைசென்ஸ் வாங்கிய சொந்த ரைஃபிள். அது ஒழுங்காக இருந்தால்தான் அவருக்கு அங்கே வேலை. வங்கி இருக்கிற சனிக்கிழமைகளில் வாடிக்கையாளர்கள் போனதும் தோட்டாக்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பின்பக்க அறையில் செய்தித்தாளை விரித்து அதைச் சுத்தம் செய்வார். எனக்கு அந்த அறையில்தான் அன்றைக்கு அதிகக் குப்பை இருக்கும்!

"ஒரு நாள் கூட இங்க சுட்டதில்ல. இன்னாத்துக்கு தம்பி சனிக்கிழம ஆனா இத குளிப்பாட்டறீங்க?" என்று கேட்டால் சிரிப்பார்.

"சுட்டா கரி ஒட்டும்க்கா, சுடலேன்னா தூசி ஒட்டும். தொடாம, கிட்ட வந்து பாருங்க" என்று ஒரு நாள் குழலை ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகப் போனது. சுவரெல்லாம் பட்டு நூலுக்கு முறுக்கு ஏற்றியதுபோல் வரி வரியாகச் சுழன்றிருந்தது.

"இன்னா தம்பி, உள்ள முறுக்கு வுட்டா மாதிரி கீது?"

"குண்டு சுத்திகினே போனாதான்க்கா நேரா போவும்."

நேராகப் போவதற்கு எதற்குச் சுற்ற வேண்டும் என்று வீட்டுக்குப் போயும் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்படி அவரை ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன். கடைசியில் ஒரு எண்ணெய் போடுவாரே, அது எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பு. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டு அலசுகிற மாதிரி, அழுக்கு இளகுவதற்கு என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் எண்ணெய் போட்ட கையோடு போன் வந்தது. சிக்னல் கிடைக்கவில்லை என்று வாசலுக்கு ஓடினார். செய்தித்தாள் மேல் ரைஃபிள் பளபளவென்று எண்ணெயோடு கிடந்தது. எங்கள் வீட்டில் தறியில் உட்காரும் முன் கையை மோந்து பார்த்துக்கொண்டுதான் உட்காருவோம். ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் புடவையே போச்சு. எண்ணெயைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? பாவம், இதையும் துடைத்து வைத்தால் அவருக்கு ஒரு வேலை மிச்சம் என்று, தொடாதே என்று சொன்னதையும் மறந்து, துணியை எடுத்து வெளியே துடைத்தேன். அவர் குழல் துடைக்கிற கம்பியிலும் துணியைச் சுற்றி உள்ளே விட்டு, ஈரம் இல்லாத வரை இழுத்தேன். என்ன பெருமை எனக்கு!

அவர் வெளுத்த முகத்தோடு ஓடி வந்தார். வீட்டில் மனைவி வயிற்று வலியில் சுருண்டு விழுந்துவிட்டாராம். எதையும் கவனிக்காமல் ஜல்தியாக ரைஃபிளைப் பூட்டி, மேனேஜரிடம் சொல்லி ஸ்ட்ராங் ரூமில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வேலூரில் அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. இரண்டு வாரம் அவர் வரவில்லை, மழையும் நிற்கவில்லை.

திரும்பி வந்த அன்று ரைஃபிளை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். குழலின் மேல் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பழுப்பாகப் பதிந்திருந்தன. கட்டைவிரல் ரேகையின் குறுக்கே நூல் அறுத்த தழும்பு கூடத் தெரிந்தது. என் விரல்! உள்ளே பார்த்தால் வளையங்களைக் காணோம், ஒரே செம்மண் நிறத் துரு.

"தம்பி, நான்தான்... எண்ணெ அப்படியே நின்னுகினு இருந்துதுன்னு தொடச்சி வச்சேன்."

ரைஃபிளைச் செய்தித்தாள் மேல் வைத்தார். "அந்த எண்ணெதான்க்கா அதுக்குச் சட்ட. மழைல சட்டைய கழட்டி வுட்டுட்டீங்க" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். ரைஃபிளைப் பார்த்துத்தான் அவருடைய கான்ட்ராக்டை நீட்டிப்பார்கள்.

"நானே அவர்கிட்ட சொல்லிடறேன் தம்பி" என்றேன்.

"அய்யோ, வேணாம்க்கா! துருன்னா திட்டோட போவும். அடுத்தவங்க கை பட்டுச்சுன்னா லைசென்சுக்கே பேஜாரு. சொல்லிட்டா உங்களுக்கு மனசு லேசாயிடும். எனக்கு வேல போயிடும்."

அன்று மதியத்திலிருந்து அவர் மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷ்ஷுமாக உட்கார்ந்தார். என்னைத் தொட விடவில்லை. நான் பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கொடுத்தேன். துணி சிவப்பாக வந்தது, பழுப்பாக வந்தது, கடைசியில் வெள்ளையாகவே வந்தது. மெல்லிசாக எண்ணெய் போட்டார். வெளியே கட்டைவிரல் அடையாளம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

மறுநாள் நான் டீ கொண்டுபோன நேரத்தில் அதிகாரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "குழல் பரவாயில்லை. இது என்ன விரல் அடையாளம்? வேற யாராவது தொட்டாங்களா?"

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல சார். என் அஜாக்கிரததான்."

ராணுவத்தில் இருந்த மனிதரை அதிகாரி பள்ளிக்கூடப் பையனைத் திட்டுவதுபோல் திட்டினார். டீ கிளாஸை மேஜையில் வைத்தேன். நான்தான் என்று கத்தத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள், கான்ட்ராக்டும் கிடைத்தது. பின்பக்கம் போய் அழுது தீர்த்தேன்.

இப்போது அவர் அந்த வேலையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். ரைஃபிளையும் ஒப்படைத்துவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். "ஏன் தொட்டீங்க?" என்று அவர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆசை ஆசையாகத் துடைத்து வைத்தேனே, அது உதவியே இல்லை. எனக்காக அவர் திட்டு வாங்கியபோது வாயைத் திறக்காமல் நின்றேனே, அதுதான் அந்தத் தம்பிக்கு நான் செய்த ஒரே உதவி.