விசிலம்மா கதையின் நடுப்பகுதி

வாரம் முழுக்க அவளுக்குப் பல்செட் வேலை. யாருடைய வாயிலிருந்தோ எடுத்த அச்சை வைத்துக்கொண்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் இடிக்காமல் உட்காரும்வரை மெழுகைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் ஆள் திரும்பி வந்து நிற்பார். அதனால் பிசகு என்றாலே அவளுக்கு ஆகாது. அப்படிப்பட்டவள் தலையில்தான் இந்த ரேடியோ வந்து விடிந்தது.

ரேடியோ என்றால் பெரிய நிலையம் எல்லாம் இல்லை. மூன்றாம் மாடி வீட்டில் பழைய சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்து ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர் வைத்தாள். மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா. முறையாக அனுமதி வாங்கிய குட்டி எஃப்.எம். நாலைந்து தெருவைத் தாண்டாது. சனி, ஞாயிறு பிற்பகலில் பாட்டுப் போடுவாள், அக்கம்பக்கத்துச் சேதி சொல்லுவாள், யாரையாவது உட்காரவைத்துப் பேசவிடுவாள். தெருமுனை சலூன்காரர் தன் கடையில் வேறு ஸ்டேஷனே வைப்பதில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சலூன்காரர்.

"அக்கா, செத்துப்போச்சு."

"யாரு?" பதறிவிட்டாள்.

"உங்க ரேடியோதான்க்கா. வாயத் தொறந்தீங்க, சத்தத்தையே காணோம். ஆ, இப்ப வந்திருச்சு."

அன்றைக்குத் தொடங்கியது. பேச்சின் நடுவே சத்தம் நின்றுபோகும். அறையில் எல்லாம் சரியாகவே இருக்கும். விளக்கு எரியும், திரையில் கோடு ஏறி இறங்கும், காதில் மாட்டிய ஹெட்போனில் அவள் குரல் கணீரென்று கேட்கும். வெளியே மட்டும் ஊமை. சிறிது நேரம் கழித்துத் தானாகவே வந்து சேரும். ஒருநாள் வரும், மறுநாள் வராது. பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. யாராவது வாயைத் திறந்தால்தான் அதற்குப் பொறுக்காது.

வீட்டில் நிபுணர்களுக்குக் குறைவில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். கொழுந்தன் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன், அடுத்த தெருவில் குடியிருந்தான். இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து அந்த மேஜையைப் பார்த்தார்கள்.

"எர்த் சரியில்ல," என்றான் கணவன்.

"அண்ணே, எர்த்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுது," என்றான் கொழுந்தன்.

"உனக்கு எதைப் பாத்தாலும் சாஃப்ட்வேர்தான்."

"உனக்கு எதைப் பாத்தாலும் எர்த்துதான்."

முதலில் கணவன் முறை. சுவரைக் குடைந்து புது வயர் இழுத்தான். அறை முழுக்க சிமெண்டுத் தூள். அவள் துடைத்து முடித்து நிமிர்ந்து, மைக்கின் முன் உட்கார்ந்து வணக்கம் சொன்னாள். சலூன்காரருக்கு வணக்கத்தில் 'வ' மட்டும்தான் கேட்டதாம்.

அடுத்தது கொழுந்தன். கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக எல்லாம் ஏற்றினான். துடைத்த துடைப்பில் அவள் வகைவகையாக அடுக்கி வைத்திருந்த பாட்டெல்லாம் ஒரே குவியலாகிவிட்டது. நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதியும் போயிற்று. "அதை அடுத்த வாரம் போட்டுத் தரேன் அண்ணி," என்றான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. கோளாறு மட்டும் தவறாமல் வந்தது.

பிறகு ஃபிரிட்ஜ் மேல் சந்தேகம் விழுந்தது. அதை நிறுத்தி வைத்ததில் பால் திரிந்ததுதான் மிச்சம். பிறகு கொழுந்தன் லிஃப்டைக் கைகாட்டினான். கணவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பவனே அவன்தான். "என் லிஃப்டைப் பத்திப் பேசாத!" என்று கத்திவிட்டு, வீம்புக்கென்றே ஒரு ஞாயிறு பிற்பகல் அதை நிறுத்திக் காட்டினான். ஐந்தாம் மாடி டீச்சர் இரண்டு கையிலும் பையோடு மூச்சிரைக்கப் படியேறிப் போகும்போது அவர்கள் வாசலில் நின்று ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். லிஃப்ட் நின்ற நேரத்திலும் ரேடியோ ஊமையானது. கணவன் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக்களை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜெயிச்சிட்டீங்களா? சந்தோஷமா? எனக்கு என்ன கிடைச்சுது?"

கடைசியில் ஒலிபரப்பு மெஷினை விற்ற கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். பெட்டி நிறைய கருவி. அவர் இருந்த நேரம் முழுக்க அது சமர்த்தாக வேலை செய்தது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றார். அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், போன் அடித்தது. எடுக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் விசிலம்மா வர ஒப்புக்கொண்டார். அந்தப் பகுதியின் பெரிய நாற்சந்தியில் ஆயுசெல்லாம் நின்று போக்குவரத்தைச் சமாளித்து ஓய்வு பெற்ற போலீஸ்காரம்மா. எத்தனையோ முறை கூப்பிட்டும் "எனக்கு எதுக்கு கண்ணு ரேடியோவெல்லாம்" என்று நழுவிக்கொண்டே இருந்தவர். அவர் வருவதை அவள் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி ஊரைக் கூட்டியிருந்தாள். சலூனில் நிற்க இடமில்லை என்று சேதி.

விசிலம்மா மைக்கைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். ஆரம்பித்த பிறகு பிடிக்க முடியவில்லை. ஒரு நாள் சிக்னல் விளக்கெல்லாம் அவிந்துபோனது. ஒரு பக்கம் ஆம்புலன்ஸ், மறுபக்கம் அமைச்சர் கார். இவர் ஆம்புலன்ஸைப் போகவிட்டு அமைச்சர் காரை மறித்து நிறுத்திவிட்டார். கார்க் கதவு திறந்தது, அமைச்சர் இறங்கினார், நேராக இவரைப் பார்த்து நடந்து வந்தார்...

அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதை முடிந்து விசிலம்மா குலுங்கிச் சிரித்தபோது போன் அடித்தது.

"அக்கா! நடந்து வந்தாரு, அதோட கட்டு! மறுபடி வந்தா, 'என் விசிலை அவர் கையிலயே குடுத்துட்டேன்'னு சிரிக்கிறாங்க. நடுவுல என்னக்கா ஆச்சு? இங்க யாரும் தலையக் குடுக்க மாட்டேங்கிறாங்க!"

அவள் பதில் சொல்வதற்குள் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். சலூன்காரர் கையில் சீப்போடு, அவர் பின்னால் ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையோடு ஒருவர், அவருக்குப் பின்னால் யார் யாரோ. மேலேயிருந்து டீச்சரும் இறங்கி வந்துவிட்டார். சாமான் அறைக்குள் ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டார்கள். கணவனும் கொழுந்தனும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே, "நான் அப்பவே சொன்னேன், எர்த்து" "இல்லண்ணே" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"போதும்! எர்த்தும் வேணாம், சாஃப்ட்வேரும் வேணாம். இனிமே ரெண்டு பேரும் இந்த மேஜையத் தொட்டீங்க, தொட்ட கையில மெழுகை ஊத்தி அச்சு எடுத்துருவேன்! சுவத்தைக் குடைஞ்சாச்சு, பாட்டை அழிச்சாச்சு, பாலைக் கெடுத்தாச்சு, பாவம் டீச்சரை மாடி ஏத்தியாச்சு. அந்தம்மா எத்தனை நாள் கழிச்சு வாயத் தொறந்தாங்க! அதையும் முழுங்கிருச்சு இந்தச் சனியன்!"

மைக் திறந்தே இருந்தது. போன் விடாமல் அடித்தது. சலூனில் விட்டுவந்த பையன் எடுத்த எடுப்பில், "இது எல்லாம் தெளிவா கேட்டுச்சுக்கா," என்றான்.

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும்போலவும் இருந்தது, யாரையாவது அடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

விசிலம்மா எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். அந்தக் கைக்கு இன்னும் பழைய பழக்கம் இருந்தது. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

"எல்லாரும் உக்காருங்க. நுரை காய்றதுக்குள்ள சொல்லிடறேன்."

சொன்னார். அமைச்சர் வந்து, 'இப்படியா வண்டிய விடறது?' என்று எகிறினாராம். நாலு பக்கமும் ஹாரன். "காலையிலேர்ந்து தூக்கின கைய இறக்கல. எனக்கு வந்துச்சே கோவம்! 'அப்ப நீங்களே பண்ணுங்கய்யா'ன்னு விசிலை அவர் கையிலயே குடுத்துட்டேன். அவரும் ஊதினாரு, ஒரு சைக்கிள்காரன்கூட நிக்கல." அறை அதிர்ந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நுரைக்காரர் சிரித்துச் சட்டையெல்லாம் சோப்பாக்கிக்கொண்டார்.

இந்த முறையாவது வெளியே போனதா என்று பார்க்கக் கணவன் மெல்லப் போனை எடுத்தான். அவள் பிடுங்கி வைத்துவிட்டாள். "தெரியவே வேணாம். கேட்டவங்க கேட்டாங்க."

கோளாறு என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சில வாரம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். போய்விட்டது என்று அவள் நினைத்த மறுநாள் வந்து நிற்கும். அவளும் ஒரு வழி செய்துகொண்டாள். எதைச் சொன்னாலும் கொஞ்சம் பின்னால் போய் இன்னொரு தடவை சொல்லிவிடுவாள். எரிச்சலோடுதான் சொல்லுவாள், ஆனால் சொல்லுவாள். அந்தப் பழக்கம் இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

"வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க. தக்காளி, வரும்போது."

"இப்பத்தானே சொன்னே?"

"நடுவுல கட்டாகியிருந்தா?" என்பாள், சிரிக்காமல்.