வியாழக்கிழமை அம்மாக்கள்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் பெர்னடீன் டாலிவர் நேராகப் போய் நிற்பது ஃபிரிட்ஜுக்கு முன்னால்தான். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். கதவைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழந்தைநலத் துறை அதிகாரியின் கண்ணால் உள்ளே பார்ப்பார். பால் தேதி தாண்டிவிட்டதா, பழம் கண்ணில் படுகிற தட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்ப்பார். அவருடைய கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, கூரையில் மாட்டும் புகை மணிக்கான பேட்டரி நாலு இருக்கும்.

போன மார்ச் மாதம், பிராங்க்ஸ் வட்டாரத்தில் ஷவான் ரிக்ஸின் ஐந்தாம் மாடி வீட்டில், ஃபிரிட்ஜ் வரைக்கும் அவரால் போக முடியவில்லை. வாசலிலேயே கண் எரிந்தது. மாலை நான்கு மணிக்கு அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறார் என்று அந்தப் பெண் இரண்டு பாட்டில் பிளீச்சை ஊற்றித் தரை, சுவர், கதவுப்பிடி ஒன்று விடாமல் கழுவித் தள்ளியிருந்தாள்.

“அடியே, இது வீடா, நீச்சல் குளமா?”

“சுத்தமா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க மிஸ் பி!”

“சுத்தம்னுதான் சொன்னேன், ஆஸ்பத்திரின்னா சொன்னேன்? அந்தம்மா வந்து ‘வீட்டில் கடுமையான ரசாயன நெடி’ன்னு எழுதிட்டுப் போயிடும். அந்த ஒரு வரிக்கு இன்னும் ஆறு மாசம் புள்ள வராது. ஜன்னலைத் திற. வெங்காயம் இருக்கா?”

இருந்தது. பெர்னடீன் கோட்டின் கையை மடித்துவிட்டு, வெண்ணெய் போட்டு, சிறு தீயில் வெங்காயத்தை வதக்க ஆரம்பித்தார். “புள்ள வளர்ற வீட்டுல சமையல் வாசனை வரணும். மாக்கரோனி வேக வை. நாலு மணி வரைக்கும் இந்த அடுப்பு வேலை செய்யட்டும்.” பயந்துபோன தாய்மார் எல்லாரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். ஒரு காலத்தில் அவரும் செய்தவர்தான்.

ஷவான் மேல் இருந்த வழக்கு இதுதான்: நவம்பர் குளிரில், வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் ஹீட்டரைப் போடவில்லை. கேஸ் அடுப்புக்குக் கீழே இருக்கும் ஓவனின் கதவைத் திறந்து வைத்து அவள் சூடு காய்ந்தாள். நாலு வயது மகள் நைலா அந்தக் கதவில் கையை வைத்துவிட்டாள். கொப்பளித்த உள்ளங்கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது ஷவான்தான். அங்கிருந்தே துறை குழந்தையை எடுத்து வேறொரு குடும்பத்தில் விட்டு நாலு மாதம் ஆகிவிட்டது. ஹீட்டர் போடாத வீட்டுக்காரனின் பிள்ளைகளை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

கோர்ட்டில் பேச ஷவானுக்கு ஹன்னா என்ற வக்கீல் உண்டு. வீட்டுக்காரனை இழுத்துப் பிடித்து ஹீட்டர் போட வைத்தவளும் அவள்தான். வேலை, வைத்தியம், பள்ளிக்கூடம் என்று அலைய அதே அலுவலகத்தில் ஒரு சமூகப் பணியாளர் இருக்கிறார். மூன்றாவது ஆள் பெர்னடீன். அவருடைய அட்டையில் ‘பெற்றோர் துணை’ என்று போட்டிருக்கும். “வக்கீல் பொண்ணு சட்டத்தைப் புஸ்தகத்துல படிச்சுது. நான் முதுகுல வாங்கிப் படிச்சேன்” என்பார்.

அவர் படித்த பள்ளிக்கூடம் துறை அலுவலகத்தில் ஒரு மூன்றாம் மாடி அறை. 1992இல் அவருடைய மகன் டெரலுக்கு ஐந்து வயது. பத்தொன்பது மாதம் பிறத்தியார் வீட்டில் வளர்ந்தான். வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை அம்மா போய்ப் பார்க்கலாம். ஒரே அறையில் நாலு தாய்மார், சக்கரம் போன பொம்மைக் கார்கள், மூலையில் உட்கார்ந்து குறிப்பெழுதும் ஒரு பெண். லூடெல் என்பவளின் மகளுக்குத் தலை கொள்ளாத சுருட்டை முடி. வாரம் முழுக்கச் சிக்குப் பிடித்து வரும். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம்தான் பின்ன முடியும். மறுபக்கம் அப்படியே பறக்கக் குழந்தை திரும்பிப் போகும். லூடெல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுவாள்.

ஒரு வியாழக்கிழமை பெர்னடீன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “வகிடு எடுத்துக் குடுடி, இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்” என்று உட்கார்ந்தார். டெரல் ஒரு கையில் சீப்பையும் மறு கையில் ரப்பர் வளையங்களையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். மற்ற இரண்டு தாய்மாரில் ஐரிஸ் வந்தாள், வாண்டா வந்தாள். நாலு பேர், நாலு வகிடு. மூன்று ஐம்பதுக்கு முழுத் தலையும் முடிந்தது. அதிலிருந்து வாரம் ஒரு பிள்ளை. ஐரிஸ் ரேடியோப் பாட்டுகளை முணுமுணுப்பாள். வாண்டா அதிகாரிகள் மாதிரி இடுப்பில் கை வைத்து நடந்து காட்டுவாள். சிரித்த சிரிப்பில் பின்னல் கோணலாகிப் போகும். ஜட்ஜ் முன்னால் எப்படி நிற்பது, எந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொள்வது என்பதையெல்லாம் அந்தப் பின்னலுக்கு நடுவேதான் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அதே வேலைக்குச் சம்பளம் வருகிறது.

அந்த அறைக்காக யாராவது ஏங்குவார்களா? பெர்னடீன் ஏங்குகிறார். அந்தக் கட்டடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. பிள்ளையைப் பார்ப்பது தனித்தனிக் கண்ணாடி அறைகளில். அடுத்தவள் பிள்ளையின் தலையில் கை வைக்க வழியில்லை. லூடெல் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஐரிஸ் ஃபுளோரிடாவில் இருக்கிறாள் என்று கேள்வி. வாண்டா மட்டும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கூப்பிட்டு, “என்னம்மா, பின்னல் கட்சி உயிரோட இருக்கா?” என்று கேட்பாள்.

நான்கு மணிக்கு அதிகாரி வந்தார், எல்லாவற்றையும் திறந்து பார்த்தார், போனார். மறுநாள் கோர்ட் வாசலில் பெர்னடீன் ஷவானின் காலரைச் சரிசெய்தபடி சொன்னார்: “அவங்க என்ன சொன்னாலும் அழாத, மொறைக்காத. அழுகையை லிஃப்ட் வரைக்கும் புடிச்சு வை. லிஃப்டுக்குள்ள நீ ஒப்பாரியே வை, நானும் கூட வைக்கறேன்.”

ஜட்ஜம்மா அறிக்கையைப் படித்தார். வீடு சுத்தமாக இருக்கிறது, ஹீட்டர் வேலை செய்கிறது, சமையல் நடக்கிறது. குழந்தையை இன்று மாலையே வீட்டுக்கு அனுப்பலாம். மூன்று மாதம் மேற்பார்வை. கோளாறு ஏதாவது இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். லிஃப்டில் ஷவான் அழவே இல்லை. வக்கீல் ஹன்னாதான் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தவள் ஷவான்.

ஐந்து மணிக்கு நைலா வந்து சேர்ந்தாள். துணிமணி எல்லாம் ஒரு கறுப்புக் குப்பைப் பையில். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். கழுத்து வரைக்கும் ஜிப் போட்ட சிவப்புக் கோட்டு. ஹீட்டர் சீறிக்கொண்டிருந்தது, குழந்தையின் மேலுதட்டில் வியர்வை.

“கோட்டைக் கழட்டிடலாமா கண்ணு?” என்று ஷவான் ஜிப்பில் கை வைக்கப் போனாள். பெர்னடீன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம். விடு.”

அடுக்களைக்கு இழுத்துப் போய் மெல்லிய குரலில் சொன்னார்: “என் டெரல் திரும்பி வந்த அன்னிக்கு நான் கோட்டைப் புடுங்கிக் கழட்டினேன். புள்ள வீடு வந்துட்டான்னு எனக்கு அவ்வளவு அவசரம். கதறினான் பாரு. ‘இது இல்லாம என்னைத் திரும்ப எப்படி அனுப்புவீங்க’ன்னு கேட்டான். இப்ப முப்பத்தெட்டு வயசு, பஸ் ஓட்டுறான். அந்தக் கேள்வி இன்னும் என் காதுல இருக்கு.”

நைலா கோட்டோடேயே மாக்கரோனி சாப்பிட்டாள். சீஸ் கையெல்லாம் வழிந்தது. நிமிர்ந்து, “எத்தன மணிக்குப் போகணும்?” என்றாள்.

ஷவான் அந்தக் கையைத் துடைத்துவிட்டாள். “போக வேணாம். இங்கதான் தூங்கற. நாளைக்கும் இங்கதான்” என்றாள்.

குழந்தை நம்பின மாதிரித் தெரியவில்லை. இன்னும் இரண்டு கரண்டி சாப்பிட்டது. தன் பழைய கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. ஹீட்டரைத் தூரத்திலிருந்து ஒரு தரம் பார்த்தது. அப்புறம், யாரும் கேட்காமல், தன் பாட்டுக்கு ஜிப்பை இழுத்துக் கீழே இறக்கியது.

கீழே விழுந்த கோட்டை எடுத்து வாசல் பக்கத்துக் கொக்கியில் மாட்டப் போனாள் ஷவான். “புள்ள கண்ணுல படக் கூடாது” என்று பெர்னடீன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உள் அறைக்குப் போய், அலமாரியின் கடைசி இழுப்பறையைத் திறந்து, துணிகளுக்கெல்லாம் அடியில் கோட்டை மடித்து வைத்து, முழங்காலால் தள்ளி மூடினார்.