கழுத்தில் கிடந்த இரண்டாவது கேபிள்

பேய் என்று எவனாவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோலார் தங்கவயலில் பிறந்தவன். சுரங்கத்தில் செத்தவர்களைப் பற்றி எத்தனையோ கதை கேட்டும் ஒன்றையும் நம்பியதில்லை. இதையும் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் முழுசாகக் கேளுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பெங்களூரில் ஒரு கம்பெனியின் சர்வர் ரூமில் எனக்கு வேலை. ரேக்கில் அடுக்கியிருந்த கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கெல்லாம் வயசாகிவிட்டது, உள்ளே இருக்கும் பவர் சப்ளையை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நானும் லிங்கராஜபுரத்து ஸ்டீபனும்தான் மாற்றிக்கொண்டிருந்தோம். எங்களுக்குள் ஒரு பழக்கம். பெட்டியின் பின்னாலிருந்து கரண்ட் கேபிளைப் பிடுங்கிக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே கை வைப்போம். கேபிள் நம்மிடம் இருந்தால் வேறு எவனும் மறதியில் செருகிவிட முடியாது அல்லவா? ஸ்டீபன் தான் பிடுங்கும் கேபிளின் முனையில் அடையாளத்துக்கு மகளின் சிவப்பு நெயில் பாலிஷைப் பூசிவிடுவான்.

அப்படிப்பட்டவன் நாலாவது பெட்டியில் ஷாக் அடித்துச் செத்தான், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள். ஓடி வந்து பார்த்தால் பெட்டியில் கேபிள் செருகியிருக்கிறது. வெறும் கறுப்புக் கேபிள், நெயில் பாலிஷ் இல்லை. அவனுடையதைக் காணவே காணோம். கேபிளைப் பிடுங்காமலே வேலை செய்தார், அவருடைய கவனக்குறைவு என்று மேனேஜர் ரிப்போர்ட் எழுதினார். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? நான்தான். வேறு எவனோ செருகியிருக்கிறான் என்று தெரிந்தேதான் போட்டேன், வேலை போய்விடும் என்ற பயம். தூ!

ஆறு மாதமாக அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அதையும் மாற்றிவிடு என்றார் மேனேஜர். ரேக் முழுவதையும் ஆஃப் பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"க்ளையன்ட் கத்துவான்பா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. ஸ்டீபன் மாதிரி அசால்ட்டா இருக்காதே, அவ்ளோதான்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேபிளைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டேன், மூடியைக் கழற்றினேன், கையை நீட்டினேன், பவர் சப்ளையின் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பின்னால் கேபிளே இல்லை, வெறும் ஓட்டை. வாசலில் நின்ற மேனேஜரும் பார்த்தார். அப்போதுதான் கழுத்து கனத்தது. தடவிப் பார்த்தால் கேபிள் இரண்டு. ஒன்றின் முனையில் சிவப்பு நெயில் பாலிஷ்.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "இது எப்படி... அன்னைக்கே நான் இதைக் குப்பையில போட்டுட்டேனே!"

வாயை விட்டது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. நான் சட்டையைப் பிடித்துவிட்டேன். "அப்போ வேற கேபிளைச் செருகினது நீதானாய்யா? செத்தவன் கழுத்துல இருந்ததை உருவினியா?"

"சர்வர் ஓடலைன்னு க்ளையன்ட் போன்லயே கத்திட்டிருந்தான் குமாரு... பின்னாலேர்ந்து செருகினேன், ஸ்டீபன் உள்ள கை வெச்சிருந்தது சத்தியமா தெரியாது" என்று அழுதார். திரும்பிப் பார்த்தேன், ஃபேன் நின்றிருந்தது.

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான் போட்டது பொய்க் கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போனது, போகட்டும். சாயந்திரம் கேபிளை எடுத்துக்கொண்டு ஸ்டீபன் வீட்டுக்குப் போய் அவன் மனைவி மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிவப்பு முனையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அப்பா அஜாக்கிரதையா இருந்துதான் போயிட்டாருன்னு ஆறு மாசமா என் பொண்ணுகிட்ட சொல்லிட்டிருக்கேன். உங்களுக்கு அப்பவே தெரியும், இல்லண்ணா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கேபிளை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போதும் வேறொரு இடத்தில் இதே வேலைதான். கேபிளைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டதும் கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கும். ஒன்றுதான் இருக்கும். கனம் மட்டும் இரண்டுக்கு இருக்கிறது.