ஆறாம் வரிசையின் அனுபவதாரர்

மேலக்கரைச்சேரி சாமா என்கிற சாமிநாதன் விமானத்தில் இரண்டு இருக்கைகளைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட காலம் எழுபத்தொன்பது நாள். 2011ஆம் ஆண்டு பிப்ரவரி பதினொன்றில் தொடங்கி ஏப்ரல் முப்பதில் முடித்தார். அவருடைய தாத்தா காலத்தில் அந்தக் கிராமம் முழுவதையும் சங்கிலி பிடித்து அளந்து கல் நட சர்வே இலாகாவுக்கு ஆனது அறுபத்தாறு நாள்தான்.

அப்போது சாமாவுக்கு வயது எழுபத்து மூன்று. சிகாகோவில் இருக்கும் மகள் மதுரம் அம்மாவையும் அப்பாவையும் மூன்று மாதம் வந்து இருக்கச் சொல்லி டிக்கெட் போட்டிருந்தாள். சாமாவின் மனைவி ஆனந்தத்துக்கு முந்தைய நவம்பரில்தான் இடது முழங்கால் மூட்டை மாற்றியிருந்தார்கள். தஞ்சாவூர் டாக்டர் புறப்படச் சம்மதித்தார். ஆனால் ஒன்றை இரண்டு தடவை சொன்னார். "பத்து மணி நேரம் காலை மடக்கியே வச்சிருக்கக் கூடாது. ரத்தம் கட்டிக்கும். நீட்டி வைக்க எடம் இருக்கணும்."

அந்த இடத்தைப் பிடிக்கும் பொறுப்பைத்தான் சாமா ஏற்றுக்கொண்டார்.

மதுரம் விமானத்தின் படத்தை அனுப்பினாள். சாமா தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அதை அச்செடுத்து, வீட்டுக்கு வந்து, சிவப்பு மையால் எல்லை போட்டார். பத்தொன்பது வருஷம் நிலக் கணக்கு எழுதும் கிராமக் கர்ணமாக இருந்து, 1980 நவம்பரில் அரசாங்கம் அந்தப் பதவியையே எடுத்துவிட்டபோது வீட்டுக்கு வந்தவர் அவர். அதற்குப் பிறகு அளக்க ஒன்றும் அகப்படாமல் முப்பது வருஷம் காய்ந்து கிடந்த கை. படத்தில் சமையலறை என்று போட்ட இடங்களை மதகு என்று குறித்தார். மதகை ஒட்டிய வயல் காயாது என்பது டெல்டாவில் பிறந்த எவருக்கும் தெரியும். வாலில் இருந்த சமையலறைதான் இருப்பதிலேயே பெரியது. ஆகவே விமானத்தின் தலைமடை, அதாவது தண்ணீர் முதலில் பாயும் இடம், அதன் வாலில் இருக்கிறது என்று முடிவு செய்தார். கழிப்பறையும் அங்கேயே இருந்தது. அதை வடிகால் வசதி என்று எழுதிக்கொண்டார்.

"நாப்பத்து நாலாம் வரிசை, ஜன்னல் ஓரம் ரெண்டு" என்று டெலிபோனில் சொன்னார்.

"அப்பா, அது கடைசி வரிசை. பின்னாடி செவுரு. சீட்டு சாயாது. முன்னாடி சீட்டு முழங்கால்ல இடிக்கும். அம்மா காலைப் பத்தி கம்பெனிகிட்ட சொன்னா இருபதாம் வரிசை தருவா. எதிர்ல தடுப்புதான், தாராளமா நீட்டிக்கலாம்."

"தடுப்புச் சுவரை ஒட்டின எடம் எதுலயும் வில்லங்கம் இல்லாம நான் பாத்ததில்லை. நீ நாப்பத்து நாலைப் போடு."

மதுரம் போட்டாள். அப்பாவிடம் வாதாடுவதைவிட அம்மாவின் காலுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்வது சுலபம் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

மே இருபத்தேழாம் தேதி காலை சென்னை விமான நிலையத்தில், பெட்டிகளை எடை போட்ட பெண் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், பின்னாடி அளவுக்கு மேல ஆள் வந்துட்டாங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு முன்னாடி பிசினஸ் கிளாஸ்ல எடம் தரலாம். அதுக்குத் தனியா ஒண்ணும் கட்ட வேணாம். அங்க சீட்டைப் படுக்கையாவே ஆக்கிக்கலாம். யாருக்குப் போடட்டும்?"

கேட்கும்போது அவள் பார்வை ஆனந்தத்தின் கையில் இருந்த ஊன்றுகோலின் மேல் இருந்தது.

"டிக்கெட்டுல யார் பேரும்மா முதல்ல இருக்கு?" என்றார் சாமா.

"உங்க பேரு சார்."

"அப்பறம் என்ன கேள்வி?"

"கால் என்னோடதாச்சே" என்றாள் ஆனந்தம்.

"கால் யாரோடதா இருந்தா என்னடி, பதிவு என் பேர்ல இருக்கு. இப்பப் போயி பேரை மாத்தச் சொன்னா சிகாகோல பெட்டி எவன் பேர்ல வந்து எறங்குமோ. நீ பேசாம வா."

அவர் மனைவியிடம் அன்பில்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. நாற்பத்து நாலாம் வரிசை அவர் எழுபத்தொன்பது நாள் ஆராய்ந்து கண்ட தலைமடை. அதை முழுசாக அவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, தெரியாத இடத்துக்குத் தாம் போவதாகத்தான் அவர் நினைத்தார். விமானத்தில் ஏறிய பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆறாம் வரிசைக்குப் போய், ஜன்னல் ஓர இருக்கையில் உட்கார்ந்து, அது எத்தனை விதமாகச் சாய்கிறது என்று எண்ணினார். ஏழு விதம்.

பக்கத்து இருக்கையில் ஐம்பதை நெருங்கிய ஒருவர் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. தமிழ்ப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சாமா யாரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டார்.

"சாருக்கு எந்த ஊரு?"

"பூதலூர் பக்கம்."

"பூதலூர் பக்கம்னா?"

"மேலக்கரைச்சேரி."

"அட. அங்க எந்தத் தெரு?"

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். அந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தவர் போல இருந்தது அவர் முகம்.

"தெக்குத் தெரு. பேரு ரெத்தினம். மாட்டு டாக்டர், அமெரிக்காவுல பால் கம்பெனில இருக்கேன். ஐயாவு மவன். பேரு சொன்னா உங்களுக்கு ஞாபகம் வராது கர்ணம் சார், நம்பர் சொல்றேன். சர்வே நூத்துப் பன்னெண்டு கீழ் மூணு."

சாமாவுக்கு உடனே ஞாபகம் வந்தது. வாய்க்காலுக்கு மேற்கே, நன்செய், ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர்.

அந்த ஆறு மாவை ஐயாவு பதினான்கு வருஷம் குத்தகைக்கு உழுதார். உழுகிற குத்தகைதாரன் பெயரைப் பதிய வேண்டும் என்று 1969இல் சட்டம் வந்தது. கர்ணத்தின் அடங்கல் புத்தகத்தில் சாகுபடி செய்பவர் யார் என்று ஒரு பத்தி உண்டு. அதில் பெயர் இருந்தால் நிலத்தை விட்டு யாரும் இறக்க முடியாது. பசலி 1381இல், அதாவது 1971இல், ஐயாவு ஏழு தடவை சாமாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "புத்தகத்தப் பாக்காதீங்க சாமி. வயல்ல யாரு நிக்கிறான்னு வந்து பாருங்க. நிக்கிறவன் பேர எழுதுங்க." சாமா வயலுக்குப் போகவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்து, அழகான எழுத்தில் 'சொந்தச் சாகுபடி' என்று எழுதினார். அடுத்த ஆனியில் ஐயாவு இறக்கப்பட்டார். கடைசிவரை கூலிக்குத்தான் உழுதார். இதைச் சாமா தப்பு என்று நினைத்ததில்லை. அவர் கணக்கில் அடித்தல் திருத்தல் கிடையாது என்று வருஷாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் தாசில்தார் பாராட்டியிருக்கிறார்.

விமானம் மேலே போய், பெல்ட் விளக்கு அணைந்தது.

"அம்மா எங்க? கவுண்டர்ல கம்பு ஊனிக்கிட்டு நின்னாங்களே" என்றார் ரெத்தினம்.

"பின்னால இருக்கா. நல்ல எடம். நானே பாத்துப் போட்டது."

"எந்த வரிசை?"

சாமா சொன்னார். ரெத்தினம் எழுந்தார்.

"நீங்க எதுக்கு..."

"மாட்டுக்கே காலு வீங்கினா நீட்டிப் படுக்க வச்சுத்தான் பாப்போம் சார்."

கால் மணி கழித்து ஆனந்தம் ஒவ்வொரு இருக்கையாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ரெத்தினம் வரவில்லை. அவருடைய இருக்கையில் அவள் உட்கார்ந்து, அதை நீட்டிக் காலை மேலே வைத்தாள். கணுக்கால் வீங்கி, கொலுசுத் தடம் பள்ளமாகத் தெரிந்தது. வைத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தலைமடை எப்படி இருந்தது?" என்று சாமா கேட்டார். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

சாப்பாடு வந்தது. வண்டி முன்னாலிருந்து பின்னால் போவதைச் சாமா கவனித்தார். கவனித்ததை வெளியே சொல்லவில்லை. சேலத்துக்காரியான பணிப்பெண் ஒருத்தி பரிமாறினாள். சாமாவுக்குச் சைவம் வந்தது. ஆனந்தத்தின் முன்னால் மூடியைத் திறந்தபோது ஆட்டுக்கறி பிரியாணி ஆவி பறந்தது.

"இதென்னம்மா அநியாயம். நாங்க சைவம்."

"லிஸ்ட்ல 6சி டாக்டர் ரெத்தினம்னு இருக்கு சார். அவரு சொன்ன சாப்பாடு."

"லிஸ்ட் கெடக்கட்டும். கண்ணால பாரு, யார் உக்காந்திருக்கா? உக்காந்திருக்கறவா பேரை எழுதிக்கோ."

ஆனந்தம் கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தாள். பிறகு வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று சாமாவுக்கு விளங்கவில்லை.

"நான் எழுத முடியாது சார், எனக்கு லிஸ்ட்டுதான் கணக்கு" என்றாள் சேலத்துப் பெண். "எங்க சீஃப் பாத்தா அம்மாவப் பின்னாடி அனுப்பிடுவாரு. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அந்த டாக்டரே வந்து, 'நாந்தான் குடுத்தேன்'னு எங்க சீஃப்கிட்ட சொல்லணும். இல்லாட்டி, நீங்க பின்னாடி போயிட்டு உங்க சீட்ட அம்மாவுக்குக் குடுங்க. நீங்க எதிர்லயே இருக்கீங்க, அதுக்கு ஒரு வார்த்தை போதும்."

இரண்டாவது வழி சாமாவின் காதில் விழவில்லை. காது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

ஆறாம் வரிசையிலிருந்து நாற்பத்து நாலு வரை நடந்தார். வழியில் கழிப்பறைக்கு நின்றவர்கள் பதினொரு பேர். கடைசி வரிசையில், கால்களை ஒருபக்கமாக மடக்கிக்கொண்டு, ரெத்தினம் ஆனந்தத்தின் தயிர்ச்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாமாவின் பழைய இடத்தில் ஒரு தடித்த ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாமா விஷயத்தைச் சொன்னார். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இல்லேன்னா அவளை இங்க அனுப்பிடுவா. கால் வீங்கியிருக்கு."

ரெத்தினம் கரண்டியைத் துடைத்து வைத்தார்.

"எங்கப்பா எத்தினி தடவ உங்க வாசலுக்கு வந்தாரு, தெரியுமா?"

"ஏழு" என்றார் சாமா. கணக்கு என்றால் அவரால் பொய் சொல்ல முடியாது.

"ஆறு தடவ, வீட்டுல இல்லன்னு சேதி வந்துது. ஏழாவது தடவ அம்மாதான் வெளிய வந்தாங்க. 'உள்ளதான் இருக்கார். எழுத மாட்டார். வெயில்ல நிக்காதேப்பா'ன்னாங்க. எட்டாவது நடைய அந்தம்மா மிச்சப்படுத்திட்டாங்கன்னு எங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லுவாரு. அதுக்குத்தான் அந்த சீட்டு. உங்களுக்காக இல்ல."

"சரி. வாங்கோ."

"வர்றேன். வாயால சொல்றது நாளைக்கு நிக்காது, உங்களுக்குத் தெரியாததா. எழுதிக் குடுங்க."

"என்ன எழுத?"

"எப்பவும் எழுதுற மாதிரி."

சாமாவின் சட்டைப் பையில் சிவப்பு எல்லை போட்ட படம் இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்து, சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்து, நின்றபடியே எழுதினார். இருக்கை எண் 6சி. அனுபவத்தில் இருப்பவர், சாமிநாதன் மனைவி ஆனந்தம். பதிவுப்படி உரியவர் என்ற இடத்தில் 'ரெத்தினம்' என்று மட்டும் எழுதினார்.

"அப்பா பேரு இல்லாம எந்தப் பதிவும் செல்லாதுன்னு நீங்கதான சார் ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க?"

 சாமா, ரெத்தினம் என்ற பெயருக்கு முன்னால் இருந்த இடத்தில் 'ஐயாவு மகன்' என்று சேர்த்தார். இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. அவர் கணக்கில் ஏறிய முதல் திருத்தம் அது. தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.

ரெத்தினம் அதை இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் எழுந்து போய், பணிப்பெண் சொன்ன அந்த சீஃப் முன்னால் நின்று, "6சி சீட்ட அந்தம்மாவுக்கு நாந்தான் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். யாரும் காகிதம் கேட்கவில்லை.

சாமா இருக்கைக்குத் திரும்பியபோது ஆனந்தத்துக்குச் சைவம் வந்திருந்தது. கால் நீட்டியபடியே இருந்தது.

"என்ன சொன்னார்?"

"எழுதிக் கேட்டார்."

"எழுதினேளா?"

"எழுதினேன்."

"உங்களுக்கென்ன, கையெழுத்து முத்து முத்தா இருக்குமே" என்று சொல்லிவிட்டு அவள் அப்பளத்தை உடைத்தாள்.

சாமா தம் இருக்கையை ஏழு விதமாகவும் சாய்த்துப் பார்த்தார். எதிலும் தூக்கம் வரவில்லை.