ஒரு லோடு கல்

அழகர்சாமி என்ற பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் ஊர்க் குழாயடியில். நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய சவுக்குமேடு எங்கள் ஊர். இரண்டு தெரு, ஒரு மாரியம்மன் கோவில், அவ்வளவுதான். ஆண்பிள்ளை பிறந்தால் வேலு, காத்தவராயன், பரமசிவம் என்றுதான் வைப்பார்கள். என் நாத்தனாருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் தங்கைக்கு, பிள்ளை பிறந்த சமயம் குடத்தோடு நின்ற ஒருத்தி கேட்டாள்: "ஒன் நாத்தனா மவனுக்கு அழகர்சாமின்னு பேராமே? கடக்கரையில பொறந்தவனுக்கு மலச்சாமி பேரா?"

புயலடித்த ஒரு வருஷம் ஊருக்கே அரிசி அனுப்பிய மதுரைக் கருவாட்டு வியாபாரியின் பெயர் அது. நாத்தனார் புருஷன் நன்றி மறக்காத ஆள், அதனால் வைத்தார். குழாயடியில் எல்லோரும் சிரித்தோம். அந்தப் பிள்ளை கடைசியில் மலையும் பாறையுமாகக் கிடக்கிற கிருஷ்ணகிரியில்தான் போய் விழுந்தான்.

அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். கூட வந்த பையன்கள், "மீனுக்கு எர போட ஒன்னயத்தான் கூட்டிட்டுப் போவணும்டா" என்று கேலி பேசினார்கள். மீசை முளைக்கும் முன்னே ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டான். அப்பா கட்டிய வீட்டை அக்காள் ராசாத்திக்கே விட்டுவிட்டான். ராசாத்தியை உள்ளூரிலேயே கொடுத்திருந்தது, அவள் புருஷன் போட்டில் போகிறவன்.

கிருஷ்ணகிரியில் வேப்பனப்பள்ளி ரோட்டில் கங்கப்பன் என்பவரின் கல் பட்டறை. பாறையைப் பலகை பலகையாக அறுத்துப் பாலீஷ் போட்டு வெளியூருக்கு அனுப்புவார்கள். அழகர்சாமி அங்கே சேர்ந்து, தொழில் படித்து, வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண் முனிலட்சுமியைக் கட்டிக்கொண்டான். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சண்டை வந்தால் கன்னடம் என்று பேசுகிறவள் அவள். அவன் சொல்லி வைத்துத்தான் என் மகனுக்குப் போச்சம்பள்ளிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மகன் பின்னால் நானும் வந்து அவர்கள் தெருவிலேயே குடியிருக்கிறேன்.

ஊர்ச் செய்தி எல்லாம் போனில் வரும். செய்தி என்ன செய்தி. கடல் உள்ளே வந்தது, தெருவிளக்கு எரியவில்லை, மனு கொடுத்தோம். போன வருஷமும் அதுதான், அதற்கு முந்தின வருஷமும் அதுதான். பேப்பரிலும் 'மீனவ மக்கள் அச்சம்' என்று போடுவார்கள். அச்சப்பட்டு அச்சப்பட்டு அலுத்துப் போன ஜனம் அது.

எங்கள் கரை கரைய ஆரம்பித்தது பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு போட்ட பிறகு. கடலுக்குள் வளைவாகக் கல்லைக் கொட்டி அலையைத் தடுப்பார்கள், அதற்குத்தான் அந்தப் பெயர். அது அவர்கள் மணலைக் காப்பாற்றியது. அங்கே முட்டித் திரும்பிய தண்ணீர் எங்கள் மணலை அள்ளியது. எங்களுக்கும் ஒன்று போடச் சொல்லிக் கேட்காத இடம் இல்லை. பக்கத்து ஊர்க்காரனைத் திட்டாத வாயும் எங்கள் ஊரில் இல்லை. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு அழகர்சாமியும்தான் திட்டினான். "தன் வூடு தப்பிச்சாப் போதும்னு நெனைக்கிறவனெல்லாம் மனுசனா அத்தை?" என்பான்.

ஒருநாள் அவன் போனில் ஊர் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முனிலட்சுமி எட்டிப் பார்த்தாள். "இன்னா உங்கூரு நியூசு? அதே கடலு, அதே மண்ணு. போன வருசம் போட்டதையே திரும்பிப் போட்டாக்கூட உங்களுக்குத் தெரியாது."

"போடி. வேப்பமரம் போயிருச்சு பாரு."

"எந்த மரம்? கல்யாணத்தப்போ எனக்கு எல போட்டு சோறு வெச்சாங்களே, அதுவா?"

"அதான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திரும்பப் போடச் சொன்னாள்.

மரம் போனால் அடுத்தது ராசாத்தி வீடு. அதை ஒட்டினாற்போல் பரமசிவத்தின் வீடு. பரமசிவம் என் கூடப்பிறந்த அக்காள் மகன். என் வீட்டுக்காரர் வழியில் அழகர்சாமி, என் பிறந்த வழியில் பரமசிவம். இரண்டு பேரும் மாமன் மச்சான் முறை, சின்ன வயதிலிருந்தே ஒருவர் தட்டில் ஒருவர் கை வைத்துச் சாப்பிட்டவர்கள். அந்த வருஷம்தான் பரமசிவம் ஓட்டைப் பிரித்துவிட்டு ஒட்டுக்கட்டிடம், அதாவது கான்கிரீட் தளம், போட்டிருந்தான். சுவருக்கு இன்னும் பெயின்ட் கூட அடிக்கவில்லை.

பட்டறைக்குப் பின்னால் உடைந்த பலகையும் ஓரம் வெட்டிய துண்டுமாக வேஸ்ட் கல் மலைபோலக் கிடக்கும். மறுநாள் அழகர்சாமி கங்கப்பனிடம் போய் நின்றானாம்.

"அண்ணா, இந்த வேஸ்ட்ட இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது. மழ பேயுது, நாயி படுக்குது. ஏன், மாமியாரு வூட்டுக்குப் படி கட்டணுமா?"

"எங்க ஊருக்கு வேணும்ண்ணா. கடலுக்குப் போடணும்."

கங்கப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டறைக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "ஏ, எல்லாரும் வாங்கப்பா! நம்ம அழகன் கடலுக்கு டைல்ஸு போடப் போறானாம்!"

சிரித்துவிட்டுக் கொடுத்தும்விட்டார். நல்ல மனுஷர். காரைக்காலில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தரைக்கல் போகிற லாரி இருந்தது. "மேல ஏத்திக்க. பில்லு நானே போட்டுத் தரேன். அந்தப் பக்கம் லாரி அப்பப்போ போவுது. ஒவ்வொரு தடவையும் ஒரு லோடு எடுத்துக்க" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் எல்லாம் நடந்தது.

மாசி மகத்துக்கு நானும் ஊருக்குப் போயிருந்தேன். சாமி கடலாடித் திரும்பிய மறுநாள் கல் வந்து இறங்கியது. கடலோரம் முழுக்க ஜனம். பையன்கள் தோளில் தூக்கி வந்து போட்டார்கள். எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தால் ஒரு வீட்டு முகப்புக்குத்தான் காணும்.

ஊர் நாட்டார் எங்கள் ஊருக்குத் தலைவர். "கோவிலுக்கு முன்னால போடுங்கடா" என்றார்.

ராசாத்தி விடவில்லை. "எந் தம்பி கொண்டாந்த கல்லு. கடலு எங்க அப்பன் வூட்டு வாசல்ல நிக்கிது, கோவிலுக்கு இன்னும் ஒரு தெரு இருக்குல்ல?"

பேச்சு தடித்தது. பரமசிவம்தான் நடுவில் புகுந்தான். "வுடுங்க, ஏன் சத்தம் போடுறீங்க? மொதல்ல ராசாத்தி வூட்டுக்குப் போடு மாப்ளே. அடுத்த லோடு எனக்கு. நடுவுல ஒரு சந்துதான."

"அடுத்த லோடு ஒனக்குத்தான்டா" என்றான் அழகர்சாமி. ஊர் முன்னால் சொன்னான்.

அடுக்குகிறபோது பட்டறையில் அடுக்குகிற மாதிரியே அடுக்கினான். வழவழப்பான பக்கம் வெளியே தெரிய, விளிம்புக்கு விளிம்பு சேர்த்து, சுவர்போல நேராக. நாட்டார் தலையிலடித்துக்கொண்டார். "கண்டபடி குவிச்சு வுடுடா. சந்து பொந்து இருந்தாத்தான் அல உள்ள பூந்து அடங்கும். இது கல்யாண மண்டபமாடா?"

"குவிச்சா உருண்டு போயிரும் பெரியப்பா. அடுக்குனாத்தான் நிக்கும். நான் கல்லுலயே கெடக்குறவன்."

நிற்கும் என்று அவன் சொன்னது பொய்யில்லை. நின்றது. வெயில் பட்டால் கண் கூசும். பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதன் முன்னால் நின்று போட்டோ பிடித்தார்கள். ராசாத்திக்குப் 'பளிங்கு வூட்டுக்காரி' என்று பட்டப்பெயர் விழுந்தது. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஆனி, ஆடி போனது. லாரி அந்தப் பக்கம் போகவேயில்லை. ஆவணியில் கங்கப்பனுக்கு நெஞ்சுவலி வந்து பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. பட்டறையை அவர் மகன் ஹரீஷ்குமார் பார்க்க ஆரம்பித்தான். அழகர்சாமி அந்தப் பையனிடம் போய்க் கேட்டான்.

"அங்கிள், வேஸ்ட் ஃபுல்லா ஜல்லி மெஷினுக்குப் பேசியாச்சு. அப்பா சொன்னது எனக்குத் தெரியாது அங்கிள்."

"ஒரே ஒரு லோடு தம்பி."

"அக்ரிமென்ட் ஆயிடுச்சு அங்கிள்."

ஐப்பசியில் கடல் ஏறியது. அலை பளிங்குச் சுவரில் மோதும், ஏற முடியாமல் வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பும், திரும்பிய வேகத்தில் சந்து வழியாகப் போய்ப் பரமசிவத்தின் கொல்லையைப் பறிக்கும். அவன் போன் வரும்போது நான் அழகர்சாமி பக்கத்தில் இருந்திருக்கிறேன். "ஒண்ணும் அவசரமில்ல மாப்ளே. அடுத்த லோடு எப்பன்னு சும்மாதான் கேட்டேன்" என்பான். இன்னொரு நாள், "கொல்ல போயிருச்சு மாப்ளே. பரவாயில்ல, வூட்டுக்கு ஒண்ணுமில்ல" என்றான். அப்புறம், "அடுப்படிச் செவுரு கோடு வுட்டுருக்கு. ஒனக்கு எப்ப தோதுப்படுதோ பாரு." ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. போனை வைத்த பிறகு அழகர்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாயில் வைக்கமாட்டான்.

கடைசியில் அழகர்சாமியும் நானும் பஸ் ஏறினோம். சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று மாறி மாறி ஏறி இறங்கியதில் என் காலெல்லாம் வீங்கிவிட்டது. ஊரில் இறங்கியதும் அவன் நேராக அக்காள் வீட்டுக்குப் போனான்.

"அக்கா, பாதிக் கல்லப் பரமசிவம் பக்கம் மாத்திப் போட்டுர்றேன். ரெண்டு வூடும் நிக்கும்."

ராசாத்தி முறத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டும் நிக்குமா? இல்ல, ரெண்டும் போவுமா?"

அவன் முறத்தை எடுத்து ஓரமாக வைத்தான்.

"சொல்லுடா. கல்லுலயே கெடக்குறவந்தான நீ. ரெண்டும் நிக்கும்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு. நானே தூக்கித் தாறேன்."

அவன் கல்லைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். சத்தியம் பண்ணவில்லை.

"அப்பன் வூடுடா இது. ஒனக்குப் போவ இன்னொரு ஊரு இருக்கு. எனக்கு எங்கடா இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்டதில் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பரமசிவத்தின் பெண்டாட்டி பூங்கொடி பாத்திரங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். "வுடுங்கண்ணே. அவங்க வூடாச்சும் இருக்கட்டும்" என்றாள். அழகர்சாமி அவள் கையிலிருந்த அண்டாவை வாங்கிக்கொண்டான். அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை சாமான் சுமந்தான். கதவையும் ஜன்னலையும் கூடக் கழற்றி எடுத்தார்கள்.

மறுநாள் ஊரே பார்த்துக்கொண்டிருக்க அடுப்படி முதலில் சாய்ந்தது, பின்னாலேயே மற்றதும் போனது. எல்லோர் கையிலும் போன். பேப்பர்க்காரரும் வந்தார். பெயின்ட் அடிக்காத சுவர் தண்ணீரில் கிடந்ததைப் படம் பிடித்து, 'மீனவ மக்கள் அச்சம்' என்றுதான் போட்டார்கள்.

கோவிலில் ஊர்க்கூட்டம் கூடியது. ஆளுக்கொன்று பேசினார்கள். நாட்டார் சொன்னார்: "நீ கெட்டது நெனச்சு செய்யலடா. அது ஊருக்குத் தெரியும். ஆனா இனிமே ஊரக் கேக்காம ஒரு கல்லும் இந்தக் கரைக்கு வரக் கூடாது." பிறகு மனு எழுத ஆள் தேடினார்கள்.

திரும்பி வந்த பஸ்ஸில் அழகர்சாமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், திருச்சி தாண்டியாயிற்று. அப்புறம், "பக்கத்து ஊர்க்காரன் செஞ்சதத்தான அத்தை நானும் செஞ்சேன்" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முன் ஸீட்டில் பரமசிவமும் பூங்கொடியும் அண்டாவைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அழகர்சாமிதான் விடாப்பிடியாகக் கூட்டி வந்தான். அவன் வீடு ஒரு கூடம், ஒரு அறை. முனிலட்சுமி வாசலில் நின்று, "வாங்கண்ணி, உள்ள வாங்க. இங்க கடலு வராது. கொழாத் தண்ணியே வராது" என்றாள். வந்ததிலிருந்து பூங்கொடி சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

பரமசிவத்துக்கு என் மகன் வேலை செய்கிற கம்பெனியில் பேக்கிங்கில் இடம் கிடைத்தது. ஷூ போட்டே பழகாத கால், சாயங்காலம் வந்து கழற்றினால் விரலெல்லாம் புண். பூங்கொடி மாம்பழ சீசனில் கூழ் பேக்டரிக்குப் போகிறாள், மற்ற நாள் வீட்டில் இருக்கிறாள். பரமசிவம் இன்று வரை கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மச்சானும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். குழம்பு கேட்கிறார்கள், மழை வருமா என்கிறார்கள், எழுந்து கை கழுவுகிறார்கள். ஒருநாள் முனிலட்சுமி என்னிடம், "சண்டையாவது போட்டுத் தொலைக்கலாம் இல்ல அத்தை, இந்த மனுசங்க" என்று அழுதாள்.

ஜல்லி மெஷின் லாரி பட்டறைக்கு வந்து வேஸ்ட் கல்லை அள்ளிய அன்று அழகர்சாமி வேலையை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். கங்கப்பன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை. ராசாத்தி வீடு இன்னும் நிற்கிறது, இப்போது கடலுக்கு முதல் வீடு அதுதான். அவள் தம்பிக்குப் போன் பண்ணுவதில்லை, இவனும் பண்ணுவதில்லை. ஊரிலிருந்து வீடியோ வந்தால் பளிங்குச் சுவர் ஒரு மூலையில் தெரியும். அந்த இடம் வருவதற்குள் போனை அணைத்துவிடுகிறான்.

அழகர்சாமி இப்போது போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறான். காலையில் பரமசிவமும் அவனும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள்.